போரிலிருந்து உயிரோடு திரும்பியவர்களுக்கும் தேசிய நினைவுச்சின்னம் வேண்டாமா?

செங்காந்தள்:
வணக்கம். டெல்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்துக்கு அண்மையில் என் தந்தையை அழைத்துச் சென்றிருந்தேன். 1971 போரில், மேற்கு முனையில், கண்ணிவெடிக்கு ஒரு காலைப் பறிகொடுத்தவர் அவர். அங்குள்ள தியாகச் சக்கரம் என்னும் வட்டத்தின் சுவர்களில் ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி கிரானைட் பலகை பதித்து, பெயரையும் பதவியையும் படைப்பிரிவையும் பொன்னிற எழுத்துகளில் பொறித்திருக்கிறார்கள். தம் படைப்பிரிவின் பெயர் கண்ணில் பட்ட இடங்களிலெல்லாம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். அங்கு இருப்பவை உயிர் நீத்தவர்களின் பெயர்கள், அது முறையானதே. ஆனால் அதே களத்தில் உடலுறுப்பை இழந்து, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்தப் போரைச் சுமக்கிறவர்களை நாடு எங்கே நினைவுகூர்கிறது? அவர்களுக்கெனத் தனிச் சின்னம் கேட்பது தகுமா?

வடபுலத்தான்:
கேட்பது முற்றிலும் தகும். ஆயினும், இருப்பதே எவ்வளவு தாமதமாகக் கிடைத்தது என்பதை முதலில் கருத வேண்டும். விடுதலைக்குப் பின் வீழ்ந்தவர்களுக்கு ஒரு தேசியச் சின்னம் வேண்டும் என்ற கோரிக்கை 1960 முதலே இருந்தும், அமைச்சரவையின் ஒப்புதல் 2015இல்தான் கிடைத்தது. அதுவரை, முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் மாண்டவர்களுக்காக ஆங்கிலேயர் எழுப்பிய இந்தியா கேட்டின் வளைவுக்கடியில், 1972இல் ஏற்றப்பட்ட அமர் ஜவான் ஜோதியே நமக்கிருந்த ஒரே பொது அடையாளம். பின்னர் உலகளாவிய போட்டி நடத்தப்பட்டு, சென்னையைச் சேர்ந்த வீபி டிசைன் லேப் அளித்த வடிவமைப்பு தேர்வாயிற்று. ஏறத்தாழ 40 ஏக்கரில் ஒன்றையொன்று சூழும் நான்கு வட்டங்களாக அது அமைந்தது. திறப்பு விழாவின்போது அதில் 25,942 பெயர்கள் இருந்தன.

அங்கே உயிரோடிருப்பவர்களுக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதே வளாகத்தின் பரம் யோத்தா ஸ்தலத்தில், போர்க்கால வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. அவர்களில் பாணா சிங், யோகேந்திர சிங் யாதவ், சஞ்சய் குமார் ஆகிய மூவரும் திறப்பு நாளில் உயிரோடு இருந்தவர்கள். வெளிவட்டமான ரக்ஷக் சக்கரத்தின் மரவரிசைகள் எல்லையைக் காக்கும் வீரர்களைக் குறிக்கின்றன. ஆனால், உயர்ந்த விருது பெறாமல் ஊனமுற்று வீடு திரும்பியவருக்கு அங்கே இடமில்லை என்பது உண்மைதான்.

கல்லாறு:
என் கருத்து சற்று மாறுபட்டது. புனே அருகே கட்கியில், முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இயங்கி வருகிறது. உறுப்பிழந்தவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் குயின் மேரிஸ் தொழில்நுட்ப நிறுவனமும் அங்கேதான் உள்ளது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர்கள் புதுத் தொழில் கற்றுக்கொள்ளும் அத்தகைய இடங்களுக்குத் தேசியத் தகுதியும் தாராளமான நிதியும் அளிப்பதையே நான் உண்மையான நினைவுச்சின்னமாகக் கருதுவேன். செயற்கைக் காலுக்கும் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கும் ஒருவர் அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தால், எவ்வளவு உயரமான தூண் எழுப்பியும் அந்தக் குறை தீராது.

நெய்தல்நிலவன்:
கல்லாறு அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகிவிடாது. வாஷிங்டனில் 1982இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரும் மாண்டோர், காணாமற்போனோர் பெயர்களை மட்டுமே தாங்கி நிற்கிறது. போரில் ஊனமுற்று வாழ்வோருக்கென அந்த நகரிலேயே 2014இல் தனிச் சின்னம் திறக்கப்பட்டது. விண்மீன் வடிவ நீர்நிலையின் நடுவே சுடர் எரிய, கண்ணாடிச் சுவர்களில் படங்களும் அவர்களது சொற்களும் இடம்பெற்றுள்ளன. இங்கே புதிய நிலம் தேட வேண்டியதுகூட இல்லை. இருக்கும் வளாகத்திலேயே, பெயர்ப் பட்டியல் இன்றி, அவர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கலாம். பெயர்களைப் பொறிக்கத் தொடங்கினால், யாருடைய காயம் தகுதியுடையது என்ற வழக்கு ஓயாது.

செங்காந்தள்:
மூவருக்கும் நன்றி. பெயரில்லாத ஒரு பகுதி போதும் என்பதே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அதற்கான படிகளுடன் சாய்தளமும், உட்கார்ந்து படிக்கும் உயரத்தில் எழுத்தும் இருக்க வேண்டும். முன்னாள் படைவீரர் நாளாகிய ஜனவரி 14க்குள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மனு அனுப்ப எண்ணியுள்ளேன். கட்கி மையத்துக்கான நிதிக் கோரிக்கையை அதிலேயே சேர்ப்பதா, தனி மனுவாக அனுப்புவதா என்பதைக் கல்லாறு அவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.