கார் பந்தயத் தடத்துக்கு ஹெல்மெட்: பொருத்தம் பார்க்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். அடுத்த மாதம் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் முதன்முறையாகக் கார் ஓட்டப் போகிறேன்.

ஜே.சி. சாலையில் மூன்று கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். எல்லோரும் இருசக்கர வாகன ஹெல்மெட்டையே காட்டினார்கள். எனக்கு வேண்டியது ஸ்நெல் என்ற ஹெல்மெட் சோதனை அமைப்பின் எஸ்ஏ2020 தரம். கார் பந்தயத்துக்கான அந்தத் தரத்தில் தீயைத் தாங்கும் சோதனையும், காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கூண்டின் கம்பியில் மோதும் சோதனையும் உண்டு. பைக்குக்கான எம்2020 தரத்தில் இவை இல்லை. தீ விஷயத்தில் நான் சமரசம் செய்யத் தயாரில்லை.

சிக்கல் பொருத்தத்தில்தான். புருவத்துக்குச் சற்று மேலே நாடா வைத்து அளந்தால் 58 செ.மீ. வருகிறது. ஆனால் என் தலை முன்பின்னாக நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கியது. நண்பரின் மீடியம் ஹெல்மெட் கன்னங்களை நன்றாகப் பிடித்தது. பத்தே நிமிடத்தில் நெற்றி நடுவில் வலி, கழற்றியதும் சிவந்த தடம். லார்ஜில் வலி இல்லை. ஆனால் தலையைத் திருப்பினால் நெற்றித் தோல் அசையாமல் ஹெல்மெட் மட்டும் நகர்கிறது. விபத்தில் அது கழன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

நீண்ட தலை உள்ளவர்கள் எந்த நிறுவனத்தின் ஹெல்மெட் அணிகிறீர்கள்? லார்ஜ் வாங்கித் தடித்த கன்ன மெத்தை வைத்தால் சரியாகுமா, உச்சியில் தளர்வு அப்படியே இருக்குமா? நான் மூக்குக்கண்ணாடியும் அணிபவன். கழுத்துக் காப்புப் பட்டை மாட்டும் வசதியோடு, அரை மணி நேரமாவது அணிந்து பார்க்கவிடும் கடை பெங்களூரிலோ சென்னையிலோ இருந்தால் சொல்லுங்கள். பழைய ஹெல்மெட் வேண்டாம். அது எங்கே அடிபட்டதென்று வெளியிலிருந்து தெரியாது.