ஜிம்னி ஸ்டீரிங் டேம்பர்: வீட்டிலேயே மாற்றலாமா, கூடாதா?

கோத்தகிரி_ஜிம்னி
ஸ்டீரிங் டேம்பர் மாற்ற ஒர்க்‌ஷாப் போகத் தேவையே இல்லை என்பது என் கட்சி. டேம்பர் என்பது ஸ்டீரிங்கின் உதறலை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர். ஒரு முனை அசையாத பிராக்கெட்டில், மறு முனை ஸ்டீரிங் ராடில். கழற்ற வேண்டியது இரண்டே நட்டு. ஜிம்னி ஜீப் மாதிரி உயரமான வண்டி என்பதால் ஜாக்கி வைக்காமலே கீழே படுத்தால் கை எட்டுகிறது. நான் கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருக்கிறேன். எழுபதைத் தாண்டினால் ஸ்டீரிங் உதறுகிறது. கனமான டேம்பர் வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மாட்டப் போகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஜிப்சி
தம்பி, நட்டு கழற்றுவதைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. உதறலுக்கு டேம்பர்தான் மருந்து என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜிப்சி, ஜிம்னி இரண்டிலும் முன்பக்கம் ஒரே நீளமான ஆக்ஸில். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறு சக்கரத்துக்கும் அந்த அடி போகும். எங்காவது ஒரு மூட்டில் ஆட்டம் இருந்தால் அந்த அடி அடங்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். டேம்பர் அந்த அசைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். ஆட்டம் அப்படியே இருக்கும். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவுகிற கதை. கனமான டேம்பர் போட்டால் உதறல் கொஞ்ச நாள் தெரியாது, அதற்குள் கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணி) பேரிங் இன்னும் தேய்ந்திருக்கும்.

கோத்தகிரி_ஜிம்னி
அண்ணா, அமெரிக்காவில் 2018, 2019 மாடல் ஜீப் ராங்ளர் நெடுஞ்சாலையில் உதறுகிறது என்று புகார் வந்தபோது, 2019-ல் கம்பெனியே இலவசமாக மாட்டிக் கொடுத்தது புது டேம்பர்தானே? அதுவும் ஒரே ஆக்ஸில் வண்டிதான். மருந்தே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பழைய_ஜிப்சி
அது புது வண்டிகளுக்குக் கொடுத்தது. உங்கள் வண்டியில் டயரை மாற்றிய பிறகு உதறல் வந்திருக்கிறது. அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்ஸ், காற்றழுத்தம், அலைன்மென்ட். சக்கரத்தின் எடை கூடினால் ஒவ்வொரு மூட்டுக்கும் வேலை கூடும்.

சோதனைக்குக் காசு ஆகாது. சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும், எஞ்சின் ஓடட்டும், நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை இடம் வலமாகச் சிறிது சிறிதாக அசைக்கட்டும். நீங்கள் பக்கவாட்டிலிருந்து டை ராட் எண்ட் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டு), பேன்ஹார்ட் ராட் புஷ் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பியின் ரப்பர்) இரண்டையும் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் ஆட்டம் அங்கேதான். அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரம் சுழலும் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

ஒர்க்‌ஷாப்_கை
நான் இந்தத் தொழிலில் இருப்பவன். சோதனை பற்றி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வீட்டில் மாற்றுவதையே நான் எதிர்க்கிறேன். டேம்பரின் ஒரு முனை டேப்பர் பின் (கூம்பாக ஒடுங்கிய பின்) வகையாக இருந்தால் நட்டைக் கழற்றினாலும் வெளியே வராது. கவட்டைக் கம்பியைச் செருகி நெம்பினால் பக்கத்து மூட்டின் ரப்பர் உறை கிழியும். உள்ளே மண்ணும் தண்ணீரும் போனால் அந்த மூட்டும் போச்சு. வீட்டு வேலையாகச் செய்து வரும் வண்டிகளில் நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னைப் புதிதாகப் போடாமல் பழையதையே நிமிர்த்திப் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதே வயிறு கலங்கும். இது ஸ்டீரிங், ஹாரன் இல்லை.

கோத்தகிரி_ஜிம்னி
சார், நீங்கள் சொல்வது கவனமில்லாமல் செய்வதற்கு எதிரான வாதம், வீட்டில் செய்வதற்கு எதிரானது இல்லை. கவட்டை தேவையில்லை. எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, புல்லர் போட்டு இறுக்கி, டேப்பர் பின் உட்கார்ந்திருக்கும் வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தால் விடுபடும். புது ஸ்ப்ளிட் பின் விலை ஒன்றுமே இல்லை. சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கிவிடலாம்.

ஒர்க்‌ஷாப்_கை
சரி, முடுக்கியாயிற்று. ஸ்ப்ளிட் பின் போடும் துவாரம் நேராக வரவில்லை. என்ன செய்வீர்கள்?

கோத்தகிரி_ஜிம்னி
அடுத்த துவாரம் வரும்வரை இன்னும் கொஞ்சம் முடுக்குவேன். பின்னோக்கித் தளர்த்த மாட்டேன்.

ஒர்க்‌ஷாப்_கை
சரியான பதில். ஆனால் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. கனமான டேம்பரின் நீளமும் வேறாக இருக்கலாம். மாட்டிய பிறகு ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அதற்குமேல் திரும்பாமல் தடுக்கும் ஆக்ஸிலின் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே டேம்பர் முட்டிக்கொண்டால் பிராக்கெட் உடையும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று கோத்தகிரிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் நிரப்பிய டேம்பர் என்றால் அது தானாக நீளப் பார்க்கும், ஸ்டீரிங்கை ஒரு பக்கம் லேசாக இழுக்கவும் செய்யும். அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்று அலையாதீர்கள்.

பழைய_ஜிப்சி
கழற்றிய பழைய டேம்பரைத் தூக்கி எறியாமல் கையால் இழுத்து அமுக்கிப் பாருங்கள் தம்பி. இரண்டு பக்கமும் ஒரே சீரான எதிர்ப்பு, நடுவில் வெற்றிடம் இல்லை, எண்ணெய் வடியவில்லை என்றால் அது நல்ல டேம்பர். அதையே திரும்ப மாட்டிவிட்டு டயர் கடைக்குப் போங்கள்.

கோத்தகிரி_ஜிம்னி
சனிக்கிழமையே பேலன்ஸ் பார்த்துவிடுகிறேன் அண்ணா. ஞாயிறு அந்த பிரேக் மிதிக்கும் சோதனை. ஆட்டம் கிங்பின்னில் என்றால் சாருடைய மாதிரி ஒர்க்‌ஷாப்பில்தான் விடுவேன், ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவு பார்த்துப் போடும் வேலை எனக்கு வராது. மூட்டெல்லாம் இறுக்கமாக இருந்து, டேம்பர் மட்டும் எண்ணெய் வடிகிறது என்றால் நானேதான் மாற்றுவேன். அதில் நான் மாறவில்லை.

ஒர்க்‌ஷாப்_கை
மாற்றுங்கள். ஓட்டிப் பார்த்து வந்த பிறகு இரண்டு நட்டையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.