45 ஹெச்.பி. டிராக்டர்: கான்ஸ்டன்ட் மெஷ் போதுமா, சின்க்ரோ ஷட்டில் எடுக்கலாமா?

வெண்ணாற்றுக்காரன்:
மன்னார்குடி பக்கம். சொந்த நிலம் கொஞ்சம்தான், வண்டி வாடகைக்குத்தான் ஓடும். குறுவை, சம்பாவுக்குச் சேற்றுழவு, கோடையில் புழுதி உழவு. அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்ட பேலர் மாட்டவும் எண்ணம். ஷோரூமில் இரண்டு வகை கியர் பெட்டி காட்டுகிறார்கள்: பற்சக்கரங்கள் எப்போதும் பிணைந்தே சுற்றும் 8+2 (முன்னுக்கு 8 கியர், பின்னுக்கு 2) கான்ஸ்டன்ட் மெஷ் ஒன்று, முன்னும் பின்னும் ஒரே லீவரில் மாற்றும் 12+12 சின்க்ரோ ஷட்டில் ஒன்று. விலை வித்தியாசம் கையைக் கடிக்கிறது. ஓட்டுகிற அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஒரத்தநாடு உழவன்:
தம்பி, முதலில் கியரை விடுங்கள், கிளட்ச்சைப் பாருங்கள். சிங்கிள் கிளட்ச்சில் பெடலை மிதித்தால் வண்டியோடு ரோட்டவேட்டரும் (பின்னால் மாட்டும் சுழல் கலப்பை) நின்றுவிடும். டூயல் கிளட்ச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பி.டி.ஓ. (பின்னால் மாட்டிய கருவியை ஓட்டும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும். பேலர் போடுபவருக்கு இது இல்லாமல் ஆகாது. வைக்கோல் வரிசை திடீரென்று தடித்து வரும். அந்த இடத்தில் பாதி பெடலில் வண்டியை நிறுத்தி, உள்ளே போனதை இழுத்துக்கொள்ள விட்டு, அப்புறம் நகர வேண்டும். அப்படியே ஏற்றினால் அடைத்துக்கொள்ளும். பிறகு கையால் பிடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இப்போது கியர். சேற்றில் லோவில் ஒரு கியரைப் போட்டால் அந்த வயல் முடியும் வரை மாற்றவே மாட்டோம். அதற்குக் கான்ஸ்டன்ட் மெஷ் தாராளம். கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சேர்க்கும் சின்க்ரோவின் அருமை ரோட்டில், பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ஓடும்போது கியர் மாற்றுகையில்தான் தெரியும். ஷட்டில் கதை வேறு. நம் பக்கம் வயல்கள் சின்னது, வரப்புக்கு வரப்பு திருப்ப வேண்டும். ரோட்டவேட்டரைத் தூக்கி, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால். 8+2-வில் ஒவ்வொரு தடவையும் கியர் கம்பியைத் தேட வேண்டும். ஷட்டிலில் ஒரே லீவர். நாள் முழுக்க வாடகைக்கு ஓட்டுபவனுக்குத் தோள்வலி மிச்சம், நேரமும் மிச்சம். பேலரும் வாடகையும் உறுதி என்றால் நான் ஷட்டிலுக்கே காசு போடுவேன். உழவு மட்டும் என்றால் வேண்டாம், அந்தக் காசில் நல்ல ரோட்டவேட்டர் வாங்குங்கள்.

கும்பகோணம் பட்டறை:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். ஷட்டில் இருக்கிறதே என்று வண்டி ஓடும்போதே முன்னும் பின்னும் தட்டும் டிரைவர்கள் உண்டு. சின்க்ரோ ரிங் தேய்ந்து பட்டறைக்கு வரும். வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை முழுதாக மிதித்து மாற்றச் சொல்லுங்கள்.

பழைய ஸ்லைடிங் மெஷ் வண்டி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், கியர் பெட்டியின் மூடியைத் திறந்து பல்லின் ஓரத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பல்லோடு பல் நகர்ந்து சேருவதால் ஓரம்தான் முதலில் சிதையும்.

எந்த வண்டியானாலும் சேற்றுழவு முடிந்ததும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. பல மாடல்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில், இரண்டும் சேர்ந்து கெடும்.

வெண்ணாற்றுக்காரன்:
நன்றி அண்ணா, நன்றி ஐயா. பேலர் நிச்சயம் போடுகிறேன், அதனால் ஷட்டில்தான். டெமோ வண்டியை எதில் ஓட்டிப் பார்க்கலாம்?

ஒரத்தநாடு உழவன்:
ரோட்டவேட்டர் மாட்டி, உங்கள் வயலிலேயே, சின்ன வயலாகப் பார்த்து. வெறும் ரோட்டில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.