கிளிவெட்டி முகாமில் ஒரு தாய் கேட்ட கேள்வி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள சம்பூரிலிருந்து 2006 இல் போரால் இடம்பெயர்ந்த மக்களில் பெரும்பாலோர், அரசு பிடித்துவைத்திருந்த தம் காணிகள் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்ப 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைக்காலத்தில் உலருணவுப் பதிவு வேலைக்காகக் கிளிவெட்டி முகாமுக்குச் சென்றுவந்தேன். அங்கே ஒரு தாயின் குடிசைக்குப் போட்டிருந்த தறப்பாள் வெயிலில் நைந்து, ஓரங்கள் நைலோன் நூலால் தைக்கப்பட்டிருந்தன. அதில் அச்சிட்டிருந்த உதவி நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்துபோயிருந்தது. அவர் சொன்னார்: "தம்பி, வெளிநாட்டாக்கள் வாறாங்க, பேர் எழுதுறாங்க, படம் எடுக்கிறாங்க, போறாங்க. எங்கட வளவை எப்ப விடுவாங்க எண்டு அவங்க ஒருத்தரும் கேக்கமாட்டாங்களா?"

அரிசியையும் பருப்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவை இல்லாவிட்டால் அங்கிருந்த பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள். ஆயினும் அந்தத் தாய் கேட்டது தம் காணிக்காகக் குரல் கொடுக்கும் ஒருவரை. கடன் கொடுக்கவும் வர்த்தகச் சலுகை வழங்கவும் வல்ல நாடுகளின் சொல்லுக்குக் கொழும்பில் எடை உண்டு. அந்த எடையை ஏழைகளின் பக்கம் வைப்பதும் அந்நாடுகள் செலுத்தவேண்டிய கடனே என்பது என் உறுதியான கருத்து.

பொருளுதவியிலும் வாக்குறுதி முழுமையாக நிறைவேறவில்லை. செல்வந்த நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவிக்கு ஒதுக்கவேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970 இல் தீர்மானித்தது. நோர்வே, சுவீடன் போன்ற சில நாடுகளே அதை நெடுங்காலம் கடைப்பிடித்தன. 2013 இல் அந்த அளவை எட்டிய பிரித்தானியா, 2021 இல் 0.5 ஆகக் குறைத்து, 2027 இல் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்தது. திருகோணமலைத் துறைமுகத்தை 1957 வரை தன் கடற்படைத் தளமாக வைத்திருந்த நாடு அது என்பதால், இக்குறைப்பு எனக்கு மேலும் உறுத்துகிறது.

சம்பூருக்கு அருகிலுள்ள மூதூரில் 2006 ஆகஸ்ட் 4 அன்று பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்நிய நாட்டு உதவியை எம் மக்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். அவர்களுக்கான நீதியை வற்புறுத்தும் பொறுப்பு அந்த உதவியை அனுப்பிய நாடுகளுக்கும் உண்டு.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம் உறவுகள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, நிவாரணத் தொகையோடு நில்லாமல், காணி விடுவிப்பையும் இந்தக் கொலைகளின் விசாரணையையும் பெயர் குறிப்பிட்டுக் கேட்குமாறு வேண்டுகிறேன்.