லண்டன் சென்ட்ரல் லைனில் ஏன் இவ்வளவு வெக்கை?

கிழக்குக்கரை:
வணக்கம். நான் கேன்ட்ஸ் ஹில் பக்கம் குடியிருக்கிறேன். ஜூலையில் அம்மா ஊரிலிருந்து வருகிறார், ரத்த அழுத்தம் உள்ளவர். சென்ட்ரல் லைன் சுரங்க ரயிலில் வெயில் காலத்தில் தெருவைவிடக் கீழேதான் புழுக்கம் அதிகம். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏசி போட்டவர்கள் இதில் ஏன் போடவில்லை? அம்மாவை டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு வரை கூட்டிப்போக வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

சுரங்கப்பிரியன்:
ஏசி என்பது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும் இயந்திரம், அவ்வளவுதான். டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் எல்லாம் தெருவைத் தோண்டி மூடிக் கட்டிய ஆழமில்லாத பாதைகள், இடமும் காற்றோட்டமும் உண்டு. சென்ட்ரல் 1900இல் திறந்த ஆழ்குழாய், அதாவது ஆழத்தில் குடைந்த குழாய் போன்ற சுரங்கம். விட்டம் சுமார் மூன்றரை மீட்டர்தான், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி. அங்கே தள்ளிய சூடு எங்கே போகும்?

இன்னொன்று, சூட்டில் பெரும்பங்கு வண்டியிலிருந்தே வருகிறது, முக்கியமாக பிரேக் போடும்போது. பயணிகளின் உடம்புச் சூடு அதில் கொஞ்சம்தான். இது நூறு வருடத்துக்கும் மேலாகச் சுற்றியுள்ள களிமண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் அந்த மண் 14 டிகிரி அளவில் இருந்தது, கோடையில் குளிர்ச்சிக்காகக் கீழே வாருங்கள் என்று விளம்பரமே செய்தார்கள்! இன்று பல இடங்களில் 19 முதல் 26 டிகிரி வரை. நெருப்பு அணைந்த பிறகும் மண் அடுப்பு சுடுமே, அப்படித்தான் இதுவும்.

வடக்குவாசல்:
சுரங்கப்பிரியன் சொல்வது சரி, ஆனால் முடியவே முடியாது என்று விட்டுவிடக் கூடாது. பிக்காடிலி லைனும் ஆழ்குழாய்தான், அதற்கு சீமென்ஸ் செய்யும் புது வண்டிகளில் ஏசி உண்டு. பெட்டிகளை ஒட்டி இணைத்து சக்கரத் தொகுதிகளைக் குறைத்ததால் அடியில் இடம் கிடைத்தது. ஆக, வண்டியையே மாற்றினால் நடக்கும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். சென்ட்ரலில் ஓடுவது 1990களில் வந்த வண்டிகள், அவற்றுக்கு மோட்டாரை மாற்றிச் சீரமைக்கிறார்கள், ஏசி அதில் இல்லை. தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் செய்த வேலை. 1922இல் மூடிய சிட்டி ரோடு நிலையத்தின் காற்றுக்குழி வழியாக நார்தர்ன் லைன் சூட்டை இழுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் ஒரு பள்ளிக்கும் வெந்நீரும் கதகதப்பும் கொடுக்கிறார்கள். 2020இலிருந்து ஓடுகிறது. மற்ற லைன்களிலும் இதைச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மாலினி_இல்ஃபோர்ட்:
அம்மாவுக்கான வழியை நான் சொல்கிறேன். கேன்ட்ஸ் ஹில்லில் சென்ட்ரல் ஏறுங்கள், ஆனால் ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி எலிசபெத் லைனுக்கு மாறுங்கள். படி ஏற வேண்டாம், அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம்தான் வரும். அகலமான சுரங்கம், நல்ல ஏசி, நேராக டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு. அங்கிருந்து மேலே வர லிஃப்டும் இருக்கிறது. காலை எட்டு, ஒன்பது மணிக் கூட்டத்தைத் தவிர்த்து பத்துக்கு மேல் கிளம்புங்கள், கையில் தண்ணீர் கட்டாயம்.

கிழக்குக்கரை:
மிக்க நன்றி மாலினி அக்கா, ஸ்ட்ராட்ஃபோர்டில் மாறுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாது. திரும்பும்போதும் அதே மாதிரி எதிரிலேயே சென்ட்ரல் வருமா?

மாலினி_இல்ஃபோர்ட்:
வரும். ஆனால் ஹெய்னோல்ட் வழியாகப் போகும் வண்டியா என்று பலகையைப் பார்த்து ஏறுங்கள், எப்பிங் வண்டி கேன்ட்ஸ் ஹில் போகாது.