எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம்: எப்படிப்பட்ட புத்தகம்?

கேள்வி (ஜெயநகர், பெங்களூரு):
வணக்கம். குடியிருப்பு நூலகத்துக்கு 6–8 வயதுப் பிள்ளைகள் வர்றாங்க. தமிழ் நல்லா பேசுவாங்க, வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான். இயற்கை, பருவநிலை பற்றிய புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில் 1:
பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். வாசிப்பு நிலை 1, 2 மட்டும் எடுங்க. நிலை 3-இன் நீளம் இவங்களை மலைக்க வைக்கும். பிடிஎஃப்பை ஏ4 தாளில் ‘புக்லெட்’ முறையில் (தாள்களை நடுவில் மடித்தால் புத்தகமாகும்படி) அச்சிடலாம். பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இல்லைன்னா வெற்றுப் பக்கம் விழும். இருபக்க அச்சில் குறுகிய ஓரத்தில் திருப்புவதைத் தேர்வு செய்யணும், இல்லாட்டி பின்பக்கம் தலைகீழாகிடும். நடு மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. உள்ளடக்கத்தையும் பாருங்க சார். ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகுதுன்னு இருந்தா அந்தப் புத்தகமே வேண்டாம். முக்கியக் காரணம், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு: தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு, இப்போ 420-க்கு மேல். இது உங்களுக்கு, பிள்ளைகளுக்கு எண்கள் வேண்டாம். பனிக்கரடிக் கதையைவிடத் தூங்குமூஞ்சி மரக் கதை நல்லது. சாயங்காலம் இலை மூடுறதை அன்னைக்கே தெருவில் காட்டலாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. முதலில் மரம், ஏரிக் கதைகளை அச்சிடுறேன்.