புதுப்பிப்பு: ஸ்பீக்கரில் வந்த 'ம்ம்ம்' இரைச்சல் போய்விட்டது

வேளச்சேரி வீட்டு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மானிட்டர் ஸ்பீக்கரில் (ரெக்கார்டிங்கைக் கேட்டுப் பார்க்கும் ஸ்டுடியோ ஸ்பீக்கர்) இரைச்சல் வருகிறது, வயரிங்கை எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை செய்தது, "எல்லாவற்றுக்கும் ஒரே பாயிண்டிலிருந்து கரண்ட் எடுங்கள்" என்ற யோசனைதான். கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஸ்பீக்கர்கள் எதிர்ச்சுவரிலும் இருந்ததால், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ கேபிள் வழியாக ஒரு வளையம் உருவாகி கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம் (அந்த 'ம்ம்ம்' சத்தம்) உள்ளே வந்திருக்கிறது. இப்போது எல்லாம் ஒரே 16 ஆம்ப் சாக்கெட்டில். மொத்த லோடு 500 வாட்டைத் தாண்டாது, அதாவது 230 வோல்ட்டில் இரண்டு ஆம்ப் சொச்சம், அதனால் பயமில்லை. ஏசி மட்டும் தனி லைன். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சிலர் சொன்னதை நான் செய்யவில்லை, யாரும் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.

அப்புறம் ஸ்பீக்கர் கேபிள்களை பேலன்ஸ்டு டிஆர்எஸ்ஸுக்கு (வழியில் சேரும் இரைச்சலை ரத்து செய்ய உதவும் கேபிள் வகை) மாற்றினேன். பவர் வயர் இடப்பக்கம், ஆடியோ வலப்பக்கம்; மேஜைக்குப் பின்னால் ஓரிடத்தில் குறுக்கிட்டே ஆக வேண்டும், அங்கே ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் குறுக்கிடும்படி வைத்தேன்.

எதிர்பாராதது: கிடாரில் மட்டும் 'ஸ்ஸ்ர்ர்' என்று மிச்சமிருந்தது. காரணம் ஃபேன் ரெகுலேட்டர்! குமிழைத் திருகும் பழைய எலக்ட்ரானிக் வகை. கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டதும் அதுவும் நின்றது. சென்னை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு யார் வாசிப்பது?